பெற்றதும் தக்கியதும்: கருவிழப்புத் துயரமும் ஆறுதலின் சமூக வரலாறும்

1

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய தெருக்களின் ஓரத்தே, கேணி, மடம், ஆவுரஞ்சிக்கல் என்பனவற்றின் அயலில், சுமைதாங்கிகளை இன்றும் ஆங்காங்கே காணலாம். நட்டு நிறுத்திய இரு தூண்கள், அவற்றின்மேற் கிடத்திய ஒரு கல், அமைப்பு அவ்வளவே. கடகத்தைத் தலையிற் சுமந்து சந்தைக்குச் செல்பவர் பிறர் துணையின்றித் தம் சுமையை இறக்கிவைத்து இளைப்பாறி, மீண்டும் தலைக்கேற்றிக் கொள்ளத்தக்க உயரத்தில் அது நிற்கும். தமிழகத்துக் கிராமங்களிலும் இதே அமைப்பு உண்டு. அங்குள்ள சில கற்களிற் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. வாகனப் போக்குவரத்துப் பெருகித் தலைச்சுமை அருகியதும் இக்கற்களின் பயன் மறைந்தது. பயன் மறைந்த பின்னர் அவற்றை நாட்டியோரின் நோக்கமும் மறக்கப்படலாயிற்று.

கருவுற்ற நிலையில், பிள்ளையைப் பெறாமலே இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய உறவினர் சுமைதாங்கியை நாட்டுவது வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமலே சென்றுவிட்ட அவளுயிர் அச்சுமையால் வருந்திக்கொண்டிருக்கும் என்றும், வழிப்போக்கர் தம் சுமையை அக்கல்லில் இறக்குந்தோறும் அவள் சுமையும் இறங்கும் என்றும் மக்கள் நம்பினர். ஒரு குடும்பத்தின் துயரம் ஊராரின் உழைப்போடு இணைக்கப்பட்டுப் பொதுப்பயனாக மாற்றப்படுவதை இவ்வழக்கிற் காண்கின்றோம். துயராற்றுதலுக்கு நமது கிராமியச் சமுதாயம் கண்ட சிறந்த வடிவங்களில் இஃதொன்று என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இவ்விடத்து ஒரு வினா எழுகின்றது. சுமைதாங்கி இறந்த பெண்ணுக்கு உரியது. கருவை இழந்து தான் உயிர்பிழைத்த பெண்ணுக்கு எந்தக் கல் நாட்டப்பட்டது? அவளுடைய எண்ணிக்கை இறந்தவளின் எண்ணிக்கையைவிடப் பன்மடங்கு பெரிது. இன்றைய மருத்துவக் கணிப்பின்படி, அறியப்பட்ட கருப்பங்களில் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைந்து கருச்சிதைவில் முடிகின்றன. 2021இல் வெளியான கணிப்பொன்று உலகெங்கும் ஆண்டுதோறும் 2 கோடியே 30 இலட்சம் கருச்சிதைவுகள் நிகழ்வதாகக் கூறுகின்றது. அதே 2021ஆம் ஆண்டிற் சாப்பிறப்புகள் மாத்திரம் ஏறத்தாழ 19 இலட்சம் என ஐக்கிய நாடுகள் அமைப்புகள் மதிப்பிட்டன. இத்துணைப் பொதுவானதொரு துயரம் இலக்கியத்திலும் சடங்கிலும் சட்டத்திலும் இத்துணை அருகியே காணப்படுவதேன்?

இது தனிமனித உளவியல் சார்ந்த விடயம், சமூக ஆய்வாளர்க்கு இதில் வேலையில்லை என்று கருதுவோர் உளர். முற்போக்காளரிடையேயும் அக்கருத்து உண்டு. துயரம் தனிமனிதரிடத்தே தோன்றுவது உண்மையே. ஆனால் எந்த இழப்புக்கு அழலாம், எத்துணை நாள் அழலாம், எந்த வாய்பாட்டில் அழலாம் என்பவற்றைச் சமூகமே வகுத்துத் தருகின்றது. ஓர் இழப்பு இழப்பென எண்ணப்பட்ட பின்னரே அதற்கு ஆறுதல் கூறுவதற்கான நிறுவனங்கள் தோன்றும். ஆகவே கருவிழப்பை யார், எப்பொழுது, எவ்வளவையால் எண்ணினர் என்பதை வரலாற்று முறையில் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

தமிழிலக்கியத்திற் சாப்பிறப்புப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று புறநானூற்றின் 74ஆம் பாட்டில் உள்ளது. சோழன் செங்கணானாற் சிறைப்பிடிக்கப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, தாகத்துக்குத் தண்ணீர் கேட்டுப் பெறவேண்டிய இழிநிலையை எண்ணி நாணிப் பாடியது அது என்பது மரபு. குழந்தை இறந்து பிறந்தாலும், உருவம் பெறாத தசைப்பிண்டமாய்ப் பிறந்தாலும், அதனையும் ஆளென்றே கருதி வாளாற் கீறி அடக்கஞ்செய்யும் குடியிற் பிறந்தவன் தான் என்பது அவன் கூற்று. போரில் விழுப்புண் பட்டு இறத்தலே ஆண்மகனுக்குச் சிறப்பென்று கொண்ட சமுதாயத்தில், போர்க்களம் காணாது போன சிசுவுக்கும் அச்சிறப்பைச் சடங்கினால் வழங்கினர்.

கைலாசபதி அவர்கள் வீரயுகம் என்று வகுத்துக் காட்டிய சமுதாயத்தின் கருத்துநிலையை இச்செய்தி மிகத் தெளிவாக உணர்த்துகின்றது. பிறவாத சிசுவை ஆளென்று எண்ணிய சமுதாயம் அது. இன்றைய பதிவேடுகள் எண்ணாததை அது எண்ணியது. எனினும் அவ்வெண்ணிக்கை குடியின் வீரக் கணக்கைச் சார்ந்தது. குலக்குழுவுக்கு ஒரு வீரன் குறைந்தான்; அக்குறை வாளினால் நிரப்பப்பட்டது. அச்சிசுவைச் சுமந்தவள் அப்பாட்டில் இல்லை. சிசுவின் இறப்புங்கூட அரசனின் மானத்தை விளக்கும் பொருட்டே எடுத்தாளப்படுகின்றது.

இதிகாச புராணங்களை நோக்கின் வேறொரு போக்குப் புலப்படும். பாரதத்திற் காந்தாரி ஈன்ற தசைப்பிண்டம் கூறுகளாக்கப்பட்டுக் குடங்களில் வைக்கப்பட நூற்றுவர் தோன்றுகின்றனர். அசுவத்தாமனின் படைக்கலத்தால் உத்தரையின் வயிற்றில் மடிந்த பரீட்சித்தைக் கண்ணன் உயிர்ப்பிக்கின்றான். தஞ்சைப் பகுதியிலுள்ள திருக்கருகாவூர்த் தலபுராணத்தில், முனிவரின் சாபத்தாற் சிதைந்த வேதிகையின் கருவை அம்பிகை குடத்திலிட்டுக் காத்து மகவாக அளிக்கின்றாள். மூன்று கதைகளிலும் இழப்பு நிகழ்கின்றது. மூன்றிலும் அது மீட்கப்படுகின்றது. கருவை இழந்த பெண்ணின் அடிமன விருப்பு இக்கதைகளிற் பதிவாகியுள்ளது என்பதனை மறுத்தற்கில்லை. அவ்வம்பிகையின் சந்நிதிக்கு இன்றளவும் பெண்கள் செல்வது அதனாலேயே. அதே வேளை, மீளாத இழப்பை மீளாததாகவே ஏற்று, அதனோடு வாழ வேண்டியவளுக்குப் புராணம் சொல்லுமாறு ஒன்றுமில்லை. வாரிசு வேண்டிநின்ற அரச குலங்களின் கதை வாரிசு கிடைத்ததும் முடிந்துவிடுகின்றது.

தருமசாத்திரங்களின் அளவை மற்றொன்று. மனுநூலின் ஐந்தாம் அத்தியாயம், கருச்சிதைவுற்ற பெண் எத்தனை மாதக் கருவை இழந்தாளோ அத்தனை இரவுகளில் தூய்மையடைவாள் என்று விதிக்கின்றது. நான்கு மாதத்துக்கு நான்கு இரவு, ஐந்து மாதத்துக்கு ஐந்து இரவு. காலத்தால் அளக்கப்பட்டது அவளுடைய தீட்டு. நமது வழக்கில் அது துடக்கு. அத்துடக்கு நாட்களில் அவளுக்கு ஓரளவு ஓய்வு கிடைத்திருக்கலாம். வீட்டு வேலையினின்று விலகியிருத்தலே சில பெண்களுக்கு ஆறுதலாயும் இருந்திருக்கலாம். ஆயினும் இழந்தவள் என்னும் நிலையில் அவளை அணுகுவதற்கும் தீண்டத்தகாதவள் என்னும் நிலையில் விலக்குவதற்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று.

3

சடங்கு கைவிட்ட இடத்தில் வாய்மொழி இலக்கியம் துணைநின்றதா என்பது அடுத்து ஆராயத்தக்கது. தமிழ்ப் பெண்களின் துயர் வெளிப்பாட்டுக்கு உரிய பெருவடிவம் ஒப்பாரி. செத்தவீட்டிற் பெண்கள் ஒருவரையொருவர் கட்டித் தழுவி, ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர் தொடர, தத்தம் பழைய இழப்புகளையும் சேர்த்து அழுவர். அழுகையைக் கூட்டுச்செயலாக்கிய வடிவம் அது. ஒப்பாரி இறந்தவரை உறவுமுறை சொல்லி விளிக்கும். அவர் நடந்த நடை, இருந்த இருப்பு, செய்த தொழில், கட்டிய வீடு என்பவற்றை அடுக்கிச் சொல்லும். இறந்தவருக்கு ஒரு வாழ்க்கை இருந்தது என்பதே அதன் அடித்தளம். பிறவாத பிள்ளைக்கு நடையுமில்லை, தொழிலுமில்லை, பெயருமில்லை. அதற்குச் செத்தவீடு கூடுவதில்லை. எட்டுச் செலவும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை. கூடுகை இல்லாத இடத்தில் ஒப்பாரி எவ்வாறு எழும்?

தாலாட்டிலோ அத்துயரம் வேறு வழியாக நுழைகின்றது. நெடுங்காலம் பிள்ளையின்றி நோன்பிருந்து, தலங்கள் பல சென்று, தவமிருந்து பெற்ற பிள்ளையெனத் தாய் பாடுதல் தாலாட்டின் பொதுமரபு. அந்நெடுங்காலத்தில் தங்காது போன கருக்கள் எத்தனை என்பதைப் பாட்டுச் சொல்வதில்லை. அடுத்த பிள்ளை தொட்டிலிற் கிடக்கும்பொழுதே முன்னைய துயரத்தைக் குறிப்பாகவேனும் பாட அவளுக்கு உரிமை கிடைக்கின்றது.

பெயரிடும் வழக்கிலும் இதனையே காண்கின்றோம். முன்னைய பிள்ளைகள் தங்காதுபோன வீட்டிற் பிறந்த குழந்தைக்குக் குப்பை, பிச்சை என்னும் அடியாகப் பெயரிடுதல் தமிழரிடையே நெடுங்கால வழக்கு. விலையற்றதென்று காட்டினாற் காலன் அதனைக் கவரமாட்டான் என்பது நம்பிக்கை. இழந்த பிள்ளைக்குப் பெயர் வழங்கப்படவில்லை. அதன் இழப்பு அடுத்த பிள்ளையின் பெயராயிற்று. அப்பெயரைத் தாங்கியவர் தம் வாழ்நாள் முழுவதும் தாம் கண்டிராத ஓர் உடன்பிறப்பின் நினைவுச் சின்னமாய் உலவினார் எனலாம்.

இவற்றோடு பழிசுமத்தலையும் சேர்த்து நோக்கவேண்டும். கரு தங்காமைக்குக் கண்ணூறு, பேய்க்குற்றம், தோஷம், அவள் நடந்த நடை, அவள் தூக்கிய குடம் என்று காரணம் தேடியோர், இறுதியில் எல்லாக் காரணங்களையும் அவள் உடம்பின்மீதே ஏற்றினர். பெரும்பான்மையான தொடக்கக் காலச் சிதைவுகள் கருவின் நிறமூர்த்தக் குறைபாடுகளால் நிகழ்வன என்பதை இன்றைய மருத்துவம் நிறுவியுள்ளது. தாயின் அன்றாடச் செயல்களுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அறிவியல் உண்மையொன்று தன்னளவிலேயே ஆறுதலாக அமையும் இடங்களுள் இதுவும் ஒன்று. பழி நீங்காத மனத்தில் துயரம் தனக்குரிய இடத்தைப் பெறுவதில்லை.

4

கொலனித்துவக் காலம் புதிய அளவைகளைக் கொணர்ந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1857இல் மகப்பேற்று மருத்துவ நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். அந்நூற்றாண்டின் இறுதியில் இணுவிலிற் பெண்களுக்கென மருத்துவமனை தோன்றியது. மகப்பேறு மருத்துவிச்சியின் கையிலிருந்து மருத்துவமனைக்குச் சிறிது சிறிதாக மாறியது. இதனாற் காக்கப்பட்ட உயிர்கள் பல. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் பிற்போக்கான செயலாகும். எனினும் ஊர் மருத்துவிச்சி அவளை அறிந்தவள். முன்னைய பேறுகளையும் இழப்புகளையும் நினைவில் வைத்திருந்தவள். மருத்துவமனை அவளுடைய உடலை அறிந்தது.

மலையகத்தில் நிலைமை வேறு. அங்கு பெண் முதலாளித்துவ உற்பத்தியின் நேரடித் தொழிலாளி. பிரட்டுக்களத்திற் பெயர் கொடுத்து, கூடையைத் தலையில் மாட்டி, குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தாலே அன்றைய 'பேர்' அவளுக்கு உரியது. நிறை குறைந்தால் அது 'அரைப்பேர்'. தோட்டப்புறத்தில் நாட்கூலியின் அலகையே 'பேர்' என்னும் சொல்லாற் குறித்தனர். ஒருவரின் பெயரும் அவர் கூலியும் ஒரே சொல்லான இடத்தில், வேலை செய்யாத உயிர்க்கு, அதிலும் பிறவாத உயிர்க்கு, பேர் ஏது? மலைச்சரிவும் சுமையும் இரத்தச்சோகையும் அவளது கருப்பத்துக்கு எதிராக நின்றன. தோட்டப்புறத்தின் சிசு மரண வீதம் நெடுங்காலம் நாட்டின் சராசரியை விஞ்சி நின்றது.

1934-35இல் இலங்கையைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோயின் விளைவாக, 1935இல் உயிருடன் பிறந்த ஆயிரம் சிசுக்களுள் 263 ஓராண்டு நிறைவதற்குள் மடிந்தன. கருவுற்ற பெண்களிடத்து மலேரியா கருச்சிதைவையும் சாப்பிறப்பையும் மிகுவிக்கும் என்பது மருத்துவம் அறிந்தது. ஆனால் 263 என்னும் அவ்வெண்ணுள் மூச்சுவிட்ட பின் இறந்தவை மாத்திரமே அடங்கும். மூச்சுவிடாதவை அதற்குப் புறம்பானவை. அக்கொள்ளைநோய்க் காலத்தில் கிராமங்களுக்குச் சென்று நிவாரணப் பணியாற்றிய சூரியமல் இயக்கத்தினர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியின் தோற்றத்திற் பங்குகொண்டனர் என்பது நம் இடதுசாரி வரலாற்றின் பெருமைக்குரிய பக்கம். பசியையும் நோயையும் அரசியல் வினாவாக்கிய அவ்வியக்கத்தின் நினைவுகளிலும் கருவை இழந்த தாயின் தனித்துயர் இடம்பெறாமை அக்காலத்தின் எல்லையைக் காட்டுகின்றது.

1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளிப் பெண்ணின் பேறுகாலத்துக்குக் கூலியுடன் கூடிய ஓய்வை உரிமையாக்கியது. தொழிலாளர் வரலாற்றில் அது முக்கியமான வெற்றி. பிற்காலத் திருத்தங்களின் வழி, உயிருள்ள பிள்ளையைப் பெற்றவளுக்கு 84 நாளும், உயிருள்ள பிள்ளை பிறவாதவிடத்து 42 நாளும் ஓய்வுக்காலமாயின. பாலூட்டப் பிள்ளையில்லாதவளுக்கு உடல் தேறுங் காலம் போதும் என்பது இவ்வேறுபாட்டின் நியாயம். நிர்வாக நோக்கில் அது பொருத்தமுடையதாகத் தோன்றலாம். ஆனால் சட்டத்தின் கணக்கு உடலோடு நின்றுவிடுகின்றது. 42 என்பது 84இன் சரிபாதி. பிள்ளையின்றித் திரும்புபவளுக்குச் சட்டமும் அரைப்பேரே போட்டது.

பதிவுச் சட்டத்திலும் ஓர் எல்லைக்கோடு உண்டு. கருப்பத்தின் இருபத்தெட்டாவது வாரத்துக்குப் பின் உயிரின்றி வெளிப்படுவதே சாப்பிறப்பு என்னும் வரையறை இங்கிலாந்தில் 1927இற் சாப்பிறப்புப் பதிவு தொடங்கிய காலத்திலிருந்து வருவது. இலங்கைச் சட்டமும் அதே அளவையைக் கையாள்கின்றது. இருபத்தேழாம் வாரத்தில் இழந்தவளின் மடி இருபத்தெட்டாம் வாரத்தில் இழந்தவளின் மடியைவிட வெறுமை குறைந்ததன்று.

5

இதுகாறும் நோக்கிய அளவைகள் யாவும் பிறர் வகுத்தவை. குலம் வீரரை எண்ணிற்று; சாத்திரம் தீட்டை எண்ணிற்று; தோட்டம் கூலியை எண்ணிற்று; அரசு பிறப்பை எண்ணிற்று. இழந்த பெண்கள் தாமே எண்ணத் தொடங்கியமைக்குச் சிறந்த வரலாற்றுச் சான்று இங்கிலாந்தின் தொழிலாளர் இயக்கத்துள் கிடைக்கின்றது.

1883இல் தோன்றிய மகளிர் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளரின் மனைவியரே பெரும்பான்மையினர். 1889 முதல் 1921 வரை அதன் பொதுச் செயலாளராக விளங்கிய மார்கரெட் லுவெலின் டேவிஸ், பேறுகால அனுபவங்களை எழுதியனுப்புமாறு உறுப்பினரை வேண்டினார். 386 பெண்கள் எழுதினர். அவற்றுள் 160 கடிதங்கள் 1915இல் 'மகப்பேறு: உழைக்கும் பெண்களின் கடிதங்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாயின. எழுதியவர்களின் பெயர் மறைக்கப்பட்டது. கடிதத்தின் முடிவிற் கணவனின் வாரக்கூலியும், பிள்ளைகளின் தொகையும், சாப்பிறப்புகளின் தொகையும், கருச்சிதைவுகளின் தொகையும் ஒரே வரியிற் குறிக்கப்பட்டன.

இந்த ஒரு வரி நமது கவனத்துக்குரியது. கூலிக்கும் இழப்புக்கும் உள்ள உறவை எந்தக் கோட்பாட்டு விளக்கமுமின்றி அது எடுத்துக்காட்டியது. கருவுற்ற நிலையிற் சலவைத் தொட்டியருகே நின்றமை, தன் பங்கு உணவைக் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்தமை, மருத்துவரை அழைக்கக் காசில்லாமை என்பன கடிதங்கள் தோறும் மீளமீள வருகின்றன. ஏறத்தாழ 1400 உயிர்ப்பிறப்புகளைக் கூறிய அப்பெண்கள், அவற்றோடு 200க்கு மேற்பட்ட கருச்சிதைவுகளையும் எண்பதளவிலான சாப்பிறப்புகளையும் கூறினர். ஒவ்வொருத்தியும் தன்னுடைய குற்றமென்று எண்ணியிருந்தது மற்றவர் கடிதத்தோடு சேர்த்து வைக்கப்பட்டபோது ஒரு வர்க்கத்தின் வாழ்நிலையாகப் புலப்பட்டது. துயரைச் சொல்லுதலும் அதன் காரணத்தை அறிதலும் ஒரே செயலாக இணைந்தன.

சங்கம் அழுகையோடு அமையவில்லை. 1911ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டம் வழங்கிய மகப்பேற்றுப் பணம் கணவன் கைக்குச் செல்லாது மனைவிக்கே உரியதாக வேண்டுமென்று அது போராடி 1913இல் வென்றது. 1918இன் தாய்சேய் நலச் சட்டத்துக்கு வழிவகுத்த முயற்சிகளில் இக்கடிதத் தொகுதிக்கும் பங்குண்டு. ஆறுதலும் உரிமையும் இருவேறு தளங்களைச் சார்ந்தன என்னும் பொதுக்கருத்துக்கு இவ்வரலாறு தக்க மறுப்பாகும்.

நம் சிந்தனை மரபின் மூலவரின் இல்லத்தையும் இவ்விடத்து நினைவுகூர்தல் பொருந்தும். 1857 ஜூலையில் இலண்டனில் ஜெனி மார்க்ஸ் பெற்ற பிள்ளை பெயரிடப்படுவதற்கு முன்னரே இறந்தது. அந்நிகழ்வைச் சூழ்ந்த நிலைமைகளைக் கடிதத்தில் எழுதவியலாது என்று மார்க்ஸ் ஏங்கெல்சுக்குத் தெரிவித்தார். எழுத்தை ஆயுதமாகக் கொண்டவரும் எழுதாது விட்ட இடம் அது. வறுமையும் நோயும் அவ்வீட்டிற் செய்தவற்றை வாழ்க்கை வரலாற்றாசிரியர் பலர் விரித்துரைத்துள்ளனர். அந்தப் பெயரற்ற பிள்ளையோ பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகின்றது. நமது ஊர்ப் பெண்களின் கணக்குப்படி சொல்வதாயின், ஜெனி பெற்றது ஏழு, தக்கியது மூன்று.

6

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேனாடுகளில் மகப்பேறு முற்றாக மருத்துவமனைக்கு மாறியபின் மற்றொரு மௌனம் தோன்றியது. இறந்து பிறந்த சிசுவைத் தாய் காணுமுன் அகற்றுவதும், அடக்கத்தை மருத்துவமனையே முடித்துவிடுவதும், விரைவில் இன்னொரு பிள்ளையைப் பெறுமாறு கூறியனுப்புவதும் வழக்கமாயின. காணாததை மறப்பாள் என்பது கருணையின் பெயராற் கூறப்பட்டது.

1968இல் ஸ்டான்போர்ட் போர்ண் என்னும் பிரித்தானிய உளமருத்துவர் குடும்ப மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வு இம்மௌனத்தின் மறுபக்கத்தை வெளிக்கொணர்ந்தது. சாப்பிறப்புற்ற தம் நோயாளரைப் பற்றி அறியவும் கவனிக்கவும் நினைவில் வைக்கவும் மருத்துவர்களே தயங்கினர் என்பதை அவர் கண்டார். தாயைக் காக்கும் பொருட்டென்று கூறப்பட்ட மௌனம் மருத்துவரையுங் காத்து நின்றது. 1976இல் இமானுவேல் லூயிஸ், பிள்ளையைக் காணவும் ஏந்தவும் பெயரிடவும் அடக்கத்திற் பங்குகொள்ளவும் பெற்றோருக்கு வாய்ப்பளிக்க வேண்டுமென்று எழுதினார். அதே ஆண்டு தொடக்கத்திற் பெல் மூனி என்னும் எழுத்தாளர் தம் மகன் இறந்து பிறந்ததைப் பற்றி நாளிதழொன்றில் எழுதிய கட்டுரைக்குப் பெண்கள் பலர் கடிதம் எழுதினர். 1978இல் இத்தகைய பெற்றோருக்கான சங்கமொன்று பிரித்தானியாவில் உருவாயிற்று. அமெரிக்காவில் 1977இல் இலினோய் மாநிலத்து மருத்துவமனையொன்றிலும் இவ்வாறான குழு தொடங்கியிருந்தது. 1915இன் கடிதங்கள் செய்ததை வேறொரு சூழலில் இக்கூட்டங்கள் செய்தன: தனித்தனியே அழுதவரை ஒன்றாய் இருத்தின.

சட்டமும் மெல்ல நகர்ந்தது. பிரித்தானியா 1992இல் இருபத்தெட்டு வார எல்லையை இருபத்துநாலாக்கியது. அங்கு 2020 முதல் சாப்பிறப்புற்ற பெற்றோருக்குத் துக்க விடுப்பு நடைமுறைக்கு வந்தது. நியூசிலாந்து 2021இற் கருச்சிதைவுக்கும் மூன்று நாட் துக்க விடுப்பை உரிமையாக்கியது. அவ்வுரிமையைத் துணைவருக்கும் அளித்தது. 2024இல் இங்கிலாந்தில், இருபத்துநாலு வாரத்துக்கு முன் இழந்த பெற்றோர் விரும்பின் அரசின் சான்றிதழொன்றைப் பெறலாமென்றாயிற்று. 1961ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் கருச்சிதைவுக்கு ஆறு வாரக் கூலி விடுப்பை அன்றே வழங்கியிருந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஆயினும் ஒழுங்கமைக்கப்படாத தொழில்களிற் கூலிக்குழைக்கும் பெண்களுக்கு அவ்வுரிமை ஏட்டளவிலேயே நிற்கின்றது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை அவசியம். ஒருகாலத்துப் புரட்சி மறுகாலத்து விதியாவதுண்டு. பிள்ளையைக் காணவிடாமையை எதிர்த்து எழுந்த கொள்கை, சில மருத்துவமனைகளிற் கண்டேயாகவேண்டும் என்னும் கட்டாயமாக மாறியது. இறந்த சிசுவை ஏந்திய தாய்மாரிற் சிலர் பின்னர்க் கூடுதலான மனத்தளர்ச்சிக்கு ஆளானதாக 2002இல் வெளிவந்த ஆய்வொன்று கூறியது. அதன் முடிபுகள் பெரும் விவாதத்துக்குள்ளாயின. விவாதத்தின் விளைவாகத் தெளிந்த கருத்து இது: காண்பதா, காணாதிருப்பதா என்பதைத் தாயே முடிவுசெய்யவேண்டும், அம்முடிவுக்கு வேண்டிய நேரத்தையும் துணையையும் பிறர் அளிக்கவேண்டும்.

7

மேனாட்டு வடிவங்களை அப்படியே இறக்குமதி செய்வதால் நமது பிரச்சினை தீராது. இலங்கையின் சுகாதார அமைப்பிற் குடும்பநல மருத்துவமாது வீடுதேடிச் செல்பவர், கருவுற்றவளைப் பதிவுசெய்பவர், பேற்றின்பின் தாயையும் சேயையும் பார்ப்பவர். பழைய மருத்துவிச்சியின் நினைவாற்றலும் நவீன மருத்துவத்தின் அறிவும் ஒருங்கே சேரத்தக்க இடம் அதுவே. சேயில்லாத வீட்டுக்கும் அவர் அதே முறையிற் செல்லவும், அங்கே அமர்ந்து கேட்கவும், அவருக்குப் பயிற்சியும் நேரமும் வேண்டும். தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் உழைக்கும் பெண்ணுக்குக் கூலி இழக்காத நாட்கள் வேண்டும். நேரமின்றித் துக்கமில்லை, கூலியின்றி நேரமில்லை. தாய்மையைத் தெய்வமாக்கிப் பாடுகின்ற பண்பாடு, தாயாகாது போனவளைப் பற்றி வாய்திறவாதிருப்பதையும் நாம் கேள்விக்குள்ளாக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான ஒன்று நமது பெண்களிடமே இருந்துவந்துள்ளது. முதிய பெண்ணொருத்தியிடம் அவளுக்குப் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் நமது கிராமங்களில் ஒற்றை எண்ணை விடையாகப் பெறுவது அரிது. பெற்றது இத்தனை, தக்கியது இத்தனை என்று இரண்டு எண்களைச் சொல்வாள். சிலர் வயிற்றில் தங்காதவற்றையும் சேர்த்து மூன்றாவது எண்ணொன்றையும் சொல்வர். குலமும் சாத்திரமும் தோட்டமும் அரசும் எண்ணாது விட்டதை அவள் எண்ணியிருக்கிறாள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வெண் அவள் நாவில் தயங்காது வருகின்றது. குடிசனமதிப்பீட்டு அலுவலரும் ஆய்வாளரும் அவற்றுள் ஒன்றை மாத்திரம் எழுதிக்கொண்டு சென்றுவிடுகின்றோம்.

சுமைதாங்கியை நாட்டியோர் இறந்தவளின் பாரத்தை ஊரார் பகிரலாமென்று நம்பினர். அந்நம்பிக்கையின் மூடத்தன்மையைக் களைந்தால் எஞ்சுவது ஒரு சமூக உண்மை: தனியொருத்தி சுமக்கவியலாத பாரத்தை இறக்கிவைக்கப் பொதுவிடம் ஒன்று வேண்டும், அதனைப் பிறர் கட்டித்தர வேண்டும். உயிரோடிருக்கும் பெண்ணின் பொருட்டு அதனைக் கட்டுவது நமது தலைமுறையின் கடன். அதன் முதற் கல், அவள் சொல்லும் இரண்டாவது எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்வதாகும்.